மஞ்சள் அறையில் பிறந்தவர்கள்

பெரில் டிரான்டருக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது டென்னெட் கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். மாளிகைக்காரர்களுக்கும் தெரியும். அதனால்தான் சம்பளம் இல்லாத அந்த வேலைக்கு அவளைப் பிடித்துப் போட்டார்கள். சனிக்கிழமை தோறும் நீலக் கழுத்துக்குட்டையைக் கட்டிக்கொண்டு மாடியில் மஞ்சள் அறை வாசலில் நின்று, வருகிற கூட்டத்துக்குக் கதை சொல்ல வேண்டும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஒருத்திக்கு வேறென்ன வேண்டும்?

மற்ற அறைகளில் நிற்கிறவர்கள் பாவம். இந்த ஓவியம் இன்னார் வரைந்தது, இந்தப் பீங்கான் இன்ன தேசத்திலிருந்து வந்தது, மூன்றாம் பிரபு இன்னாரைக் கட்டிக்கொண்டார் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கூட்டம் கொட்டாவி விடும். மஞ்சள் அறைக்கு வந்தால்தான் விழித்துக்கொள்ளும். போர்க்காலத்தில் பர்மிங்ஹாமில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது பிள்ளைத்தாச்சிகளைப் பேருந்தில் ஏற்றி, மால்வெர்ன் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கும் இந்த வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். சீமாட்டி தனியாகப் படுத்த அறையில் வரிசையாகக் கட்டில்கள். ஆணித் தொழிற்சாலைக்காரியும் பால்காரன் பெண்டாட்டியும் தங்கமுலாம் பூசிய விதானத்தைப் பார்த்தபடி பெற்றுப்போட்டார்கள். வலி எடுத்த ஒருத்தி, மேலே வரைந்திருந்த அம்மணக் குட்டித் தேவதைகளைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டிய கதையைப் பெரில் அவள் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, குரலைத் தழைத்துக்கொண்டு கடைசி வரியைச் சொல்வாள்.

"முந்நூத்துச் சொச்சம் புள்ளைங்க இந்த ரூம்ல பொறந்துச்சு. ஒண்ணுகூடத் தவறல. வந்தவ ஒவ்வொருத்தியும் கையில புள்ளையோடதான் அந்தப் படியில எறங்கினா."

இந்த வரிக்கு எப்படியும் இரண்டு பேராவது கைக்குட்டையை எடுப்பார்கள். யார் முதலில் சொன்னது என்று அவளுக்குத் தெரியாது. அப்போதைய தலைமை நர்ஸ் சொன்னதாகப் பேச்சு. பெரிலுக்கு முன்னால் அந்த அறையில் நின்றவள் சொன்னாள், அவளுக்கும் முன்னால் நின்றவளும் சொன்னாள். கிராமமே சொன்னது. நல்ல விஷயம், நம்புவதற்கு யாருக்குக் கசக்கும்?

அந்த ஜூன் மாதச் சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. குன்று ஏற வந்தவர்களெல்லாம் குன்றே கண்ணுக்குத் தெரியாததால் மாளிகைக்குள் புகுந்திருந்தார்கள். சொட்டச் சொட்ட மழைக்கோட்டும் சேற்றுப் பூட்ஸும் ஈர நாய் வாசனையுமாக ஒரு கூட்டம் மஞ்சள் அறையில் அடைந்து நின்றது. அதில் இரண்டு பெண்கள் மட்டும் மழைக்கு ஒதுங்கியவர்களாகத் தெரியவில்லை. கோயிலுக்குப் புறப்பட்டவர்களைப் போல உடுத்தியிருந்தார்கள். வயதானவள் குள்ளம், கத்தரிப்பூ நிறக் கோட்டு, தொப்பி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்த கைப்பை. கூட வந்த மகள் நெட்டை, ஐம்பதைத் தாண்டியிருப்பாள்.

இந்த அறைக்குள் வருகிற எவரும் முதலில் விதானத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். கிழவி பார்க்கவில்லை. நேராக மூன்றாவது ஜன்னலுக்குப் போய், வெளியே பார்த்து நின்றுகொண்டாள். பெரில் இதைக் கவனித்தாள். ஆனால் பேச்சு சூடு பிடித்திருந்தது, தேவதைகளைத் திட்டும் இடம் வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். அவள் குரலைத் தழைத்துக் கடைசி வரியைச் சொல்லி முடித்தாள்.

ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை.

"ஒண்ணு தவறிச்சு."

அந்த நாட்டுக்காரர்கள் இப்படி ஒரு நேரத்தில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். அத்தனை பேரும் விதானத்தைப் பார்த்தார்கள். ஒருவர் தீயணைப்புக் கருவியின் மேல் எழுதியிருந்ததை அக்கறையாகப் படிக்கத் தொடங்கினார்.

கிழவி திரும்பினாள். முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டாள். அதுதான் பெரிலுக்குச் சுருக்கென்று தைத்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா, குறுக்க பேசிட்டேன். எனக்கு ரெட்டைப் புள்ள. இவ பொழைச்சா, அவன் பொழைக்கல. நானும் கையில புள்ளையோடதான் எறங்கினேன். அதனால நீங்க சொல்றதும் தப்பில்ல."

சொல்லி முடித்ததும் அவள் ஜன்னல் சட்டத்தைப் பற்றிக்கொண்டாள். மகள் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார வைக்க இடம் தேடினாள். அறையில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. ஆனால் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் மேலும் காய்ந்த முள்பூ ஒன்றை வைத்திருப்பார்கள். 'உட்காராதீர்கள்' என்று எழுதி வைப்பது மரியாதைக் குறைவு, முள் வைத்தால் மரியாதை. அது இந்த மாதிரி வீடுகளின் பழக்கம். பெரில் யோசிக்கவேயில்லை. சீமாட்டியின் மஞ்சள் பட்டு நாற்காலியிலிருந்த முள்ளை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கிழவியைக் கைத்தாங்கலாக அதில் உட்கார வைத்தாள். ஈரக் கோட்டோடுதான். மேலாளர் பார்த்திருந்தால் மயங்கியே விழுந்திருப்பார்.

கூட்டம் ஒவ்வொருவராக நழுவியது. போகிறபோது ஒருவர், மிகவும் சுவையாக இருந்தது, நன்றி என்று பெரிலிடம் சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கிழவியின் பெயர் ஐவி, மகள் பாலின். ரோஜாத் தோட்டம் பார்க்கத்தான் வந்தோம் என்று ஐவி இரண்டு முறை சொன்னாள். அந்த மழையில் ரோஜா இதழெல்லாம் தரையில் கிடக்கும் என்று மூவருக்குமே தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை. பிறகு, கேட்காமலேயே, கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு ஐவி பேசினாள். கணவன் அப்போது பட்டாளத்தில். கட்டில் அந்த மூன்றாவது ஜன்னலோரம். இவள் வீறிட்டு அழுதாள், அவன் அழவில்லை. முகத்தைக்கூடக் காட்டவில்லை. பிழைத்ததைப் பார், கவனிக்க ஒன்று இருக்கிறதல்லவா என்று தலைமை நர்ஸ் சொன்னாள். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டதற்கு, அதெல்லாம் பார்த்துக்கொள்வார்கள் என்றாள். சலவைக் கூடை ஒன்றில் வைத்து, மேலே தலையணை உறையைப் போர்த்தி எடுத்துப் போனார்கள்.

"மறுபடி கேட்டிருக்கணும். தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு கேக்காம விட்டுட்டேன்," என்றாள் ஐவி.

பாலின் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு ஒரு கூடப்பிறந்தவன் இருந்தான் என்று அப்பா சாவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை சொன்னதோடு சரி, அம்மா வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாள்.

சலவைக் கூடை என்ற சொல் காதில் விழுந்ததுமே பெரிலுக்கு அப்பாவின் பட்டறை ஞாபகம் வந்தது. அவர்கள் தேநீர்க்கடைக்குக் கிளம்பியபோது வழியை மட்டும் காட்டினாள்.

அவளுடைய அப்பா இந்த ஊர்த் தச்சர். கதவும் செய்வார், கட்டிலும் செய்வார், ஆள் போனால் சவப்பெட்டியும் அவர்தான். அவருடைய தங்கை எடித் இந்த மாளிகையின் சலவைக்காரி. கல்யாணம் காட்சி இல்லாமல், சோப்புத் தண்ணீரிலேயே காலத்தைக் கழித்தவள். போர் நடந்த ஒரு பிப்ரவரியில் நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போனாள். நல்ல பனிக்காலம், தரை இரும்பாக இறுகிக் கிடந்தது, அந்த வாரம் வெட்டிய குழி அவளுக்கானது ஒன்றுதான். தங்கைக்குப் பெட்டி செய்துகொண்டிருந்த அப்பாவிடம் தலைமை நர்ஸ் ஒரு சலவைக் கூடையோடு வந்து, கொஞ்சம் இடம் இருக்குமா என்று கேட்டாளாம். அந்தக் காலத்தில் மூச்சு விடாமல் பிறந்த பிள்ளைக்குத் தனிக் குழி கிடையாது, ஜெபம் கிடையாது. யாராவது பெரியவர் போகும்போது கூடச் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். தாயிடம் சொல்லும் வழக்கமும் இல்லை. அப்பா இடம் செய்து கொடுத்தார்.

வீட்டில் இதை வேடிக்கையாகத்தான் சொல்வார்கள். "புருஷனே வேணாம்னவ, போகும்போது புள்ளையோட போயிட்டா" என்பார் அப்பா. கிறிஸ்துமஸ் விருந்தில் கடைசிக் கோப்பையைத் தூக்கி, "எடித்துக்கும் அவ குட்டி விருந்தாளிக்கும்" என்பார். எல்லாரும் சிரித்துக்கொண்டே குடிப்பார்கள். அப்பா போன பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. போன கிறிஸ்துமஸில் கோப்பை தூக்கியது பெரிலேதான்.

அந்தக் குட்டி விருந்தாளிக்கு ஒரு தாய் இருந்திருப்பாள் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அது எடித் அத்தை கதை. இது மாளிகைக் கதை. இரண்டையும் ஒரே வாயால் வருஷக்கணக்காகச் சொல்லியும், ஒன்றை ஒன்று தொட விட்டதில்லை. எப்படி ஒருத்தியால் இப்படி இருக்க முடிந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

சொல்லிவிட வேண்டும். ஆனால் என்னவென்று சொல்வது? உன் பிள்ளையை உன்னைக் கேட்காமல், முன்பின் தெரியாத ஒருத்தியின் பெட்டிக்குள் வைத்துவிட்டோம் என்றா? கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் சிரித்தோம் என்றா? இத்தனை வருஷம் தெரியாமல் இருந்தவள், தெரிந்துகொண்டு நொறுங்கிப்போனால் யார் அள்ளிக் கட்டுவது? சொல்லாவிட்டால், சாயங்காலம் அவர்கள் காரில் ஏறிப் போய்விடுவார்கள். ஐவிக்கு இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வர உடம்பில் தெம்பு இருக்கப்போவதில்லை.

வேலை நேரத்தில் அறையை விட்டு நகரக் கூடாது என்பது கண்டிப்பான விதி. பெரில் கழுத்துக்குட்டையை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

பழைய குதிரை லாயம்தான் இப்போது தேநீர்க்கடை. பாலின் தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். பெரில் அவளை ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பாலினின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. யாரோ ஒரு பொம்பளையின் பெட்டியிலா, ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா, பழைய துணியைத் திணிக்கிற மாதிரியா என்று தாழ்ந்த குரலில் பொரிந்தாள். அம்மாவுக்கு இதயம் சரியில்லை, இதைக் கேட்டால் தாங்க மாட்டாள், ரோஜாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம், தயவு செய்து இதோடு விட்டுவிடுங்கள் என்று முடித்தாள் பாலின். பெரில் தலையாட்டினாள். பெற்ற மகள் சொல்கிறாள், அதற்குமேல் தான் யார்?

இரண்டு பேரும் முகத்தைச் சரிசெய்துகொண்டு மேசைக்கு வந்தார்கள். ஐவி தேநீரில் பாலை ஊற்றினாள், கலக்கினாள், கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"பாலின், உனக்குச் சின்ன வயசுலயே பொய் சொல்ல வராது. இப்பவும் வரல," என்றாள். பிறகு பெரிலைப் பார்த்தாள். "கூடைன்னு சொன்னப்பவே உங்க மொகம் மாறிப்போச்சு. உங்களுக்குத் தெரியும். எங்க இருக்கான் அவன்?"

பாலின் அம்மாவின் கையைப் பிடித்தாள். ஐவி கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, பெரில் மேலிருந்து பார்வையை எடுக்கவும் இல்லை.

பெரில் சொன்னாள். அப்பாவின் பட்டறை, பனி, கூடை, எடித் அத்தை, பெட்டி, எல்லாவற்றையும். இந்த முறை குரலை ஏற்றி இறக்காமல் சொன்னாள். அது அவன்தானா, இல்லை வேறு யாருடைய பிள்ளையாவது இருக்குமா என்று ஐவி கேட்டாள்.

"மத்த புள்ளைங்க எல்லாம் பொழைச்சது நெசம்தாம்மா. தவறினது ஒண்ணே ஒண்ணுதான். அதை எப்படியோ கணக்குலேருந்து விட்டுட்டோம்," என்றாள் பெரில்.

உங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேசுவீர்களா என்பது ஐவியின் அடுத்த கேள்வி. பெரிலுக்கு உடம்பெல்லாம் கூசியது. மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு கிறிஸ்துமஸ் கோப்பையைப் பற்றியும், அதை வேடிக்கையாகச் சொல்வதைப் பற்றியும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அடி விழட்டும் என்றுதான் காத்திருந்தாள்.

"வருஷா வருஷமா?" என்றாள் ஐவி.

"ஆமாம்மா. ஒரு வருஷமும் விட்டதில்ல."

ஐவி தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "எங்க வீட்ல அவனைப் பத்தி ஒருத்தரும் வாயத் தெறக்கல. நான்தான் தெறக்க விடல," என்றாள். பாலின் அழுதுவிட்டாள். ஐவி தன் கைக்குட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு, மிச்சத் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். காசு கொடுத்து வாங்கிய தேநீரை அந்தத் தலைமுறைக்காரர்கள் உலகமே இடிந்தாலும் மீதம் வைக்க மாட்டார்கள். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நடக்கிற தூரம்தானா என்று கேட்டாள்.

தேவாலயம் மாளிகைத் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மழை விட்டிருந்தது. குன்றுகளின் மேல் மேகம் கிழிந்து, பாதி மலை பச்சையாகத் தெரிந்தது. ஆடுகள் வழியை மறித்துப் படுத்திருந்தன. பெரில் முன்னால் போய் அவற்றை விரட்ட, பாலின் அம்மாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். பாலினுடைய கோபம் தீரவில்லை என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

எடித் அத்தையின் கல் வடக்குச் சுவரோரம், பெரிய பிரபுக்களுக்கெல்லாம் பின்னால் இருந்தது. சின்னக் கல். பெயரும், இந்த வீட்டின் சலவைக்காரி என்பதும், 1941 பிப்ரவரி என்பதும் மட்டும் பாசிக்கு நடுவே தெரிந்தன. ஐவி அதன் முன்னால் நின்றாள். எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

"இடது கைக்குள்ள. அப்பாதான் கைய மடக்கி வச்சாராம்."

ஐவி கல்லுக்கு அந்தப் பக்கமாக நகர்ந்து நின்றாள். புல்லைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எப்படிப்பட்டவங்க அவங்க?"

பெரிலுக்குப் பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. குழந்தை என்றால் உயிரை விடுவாள், அப்படி ஒரு தங்கமான மனசு என்று அவள் சொன்னால் ஐவி நம்புவாள், அழுவாள், நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். கேட்கிறவர்களுக்கு எது இனிக்கும் என்பது பெரிலுக்கு அத்துப்படி. பாலினும் அதைத்தான் வேண்டிக்கொள்வது போலப் பார்த்தாள். ஆனால் இனிப்பாகச் சொல்லி இன்று காலையில்தான் இந்தக் கிழவியைக் குத்தினோம் என்பது பெரிலுக்கு உறைத்தது.

"உண்மையச் சொல்லணும்னா, மகா சிடுமூஞ்சிம்மா. அவங்க சிரிச்சு ஊர்ல ஒருத்தரும் பாத்ததில்ல. கொடியில துணி காயப்போட்டா அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா போக முடியாது. பிரபுவோட நாய் ஒண்ணு ஒரு போர்வைய இழுத்துச்சுன்னு, துணி கிண்டற கட்டைய எடுத்துக்கிட்டு மாளிகை வாசல் வரைக்கும் தொரத்தி அடிச்சாங்க. பிரபுவே வந்து கேட்டதுக்கு, நாயக் கட்டிப்போடத் துப்பில்லையான்னு அவரையும் ஒரு பிடி பிடிச்சாங்க. அவங்ககிட்ட ஒரு பொருள் இருந்தா அதைத் தொட எவனுக்கும் தைரியம் கெடையாது. எனக்கு அவங்களக் கண்டா நடுக்கம்."

பாலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐவியின் தோள் மெதுவாகக் கீழே இறங்கியது, வெகுதூரம் சுமந்து வந்த மூட்டையை இறக்கிவைத்தவள் போல.

"நல்லது," என்றாள். "குழிய ஆழமா வெட்டினாங்களோ இல்லையோ, தனியாக் கெடக்கறானே, நரி கிரி வந்து தோண்டியிருக்குமோன்னு நான் தூங்காத ராத்திரி கொஞ்ச நஞ்சமில்ல. இவங்க கையில இருக்கறவன்கிட்ட எது வரும்?"

ஐவி கைப்பையை மகளிடம் கொடுத்தாள். வலது கை உறையை விரல் விரலாகக் கழற்றினாள். புதிதாக ஒருவரைச் சந்திக்கும்போது அந்தக் காலத்துப் பெண்கள் கழற்றுவார்களே, அப்படி. வெறுங்கையைக் கல்லின் மேல் வைத்தாள்.

"மிஸ் எடித், நமக்குள்ள யாரும் அறிமுகம் செஞ்சு வைக்கல. என் பேரு ஐவி. உங்க இடது கையில இருக்கறவன் என் மகன். அவனுக்கு நான் பீட்டர்னு பேரு வச்சிருந்தேன். இத்தனை வருஷம் உங்களுக்குக் கூப்பிட ஒரு பேரில்லாம இருந்திருக்கும், அதுக்கு மன்னிச்சுக்கங்க."